குன்னூர் வாடகையும் ‘இசட்’ ஊர்க் கணக்கும்

மூன்று இராணுவ ஹவில்தார்களை எடுத்துக்கொள்வோம். ஒரே சர்வீஸ், ஒரே சம்பளம். அடிப்படை ஊதியம் மூவருக்கும் மாதம் 40,000 ரூபாய் என்று வைப்போம். ஒருவருக்குச் சென்னையில் போஸ்டிங், இன்னொருவருக்குக் கோவையில், மூன்றாமவருக்குக் குன்னூரை ஒட்டிய இராணுவ ஊரான வெலிங்டனில். அரசு குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை, மூவரும் வெளியே வீடு பார்க்கிறார்கள். வீட்டு வாடகைப்படியாகச் சென்னைக்காரருக்கு 12,000 ரூபாய் வரும், கோவைக்காரருக்கு 8,000 ரூபாய். வெலிங்டன்காரருக்கு 4,000.

அந்த நாலாயிரத்தை வைத்துக்கொண்டு குன்னூரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்க வீடு தேடிப் பாருங்கள். பெட்ஃபோர்டு, சிம்ஸ் பூங்கா பக்கமெல்லாம் நினைக்கவே வேண்டாம். கீழே பள்ளத்தில், வெயில் எட்டாத சுவரும் மழைக்காலத்தில் பூஞ்சை ஏறும் மூலையுமாக ஏதாவது அகப்பட்டால் அதிர்ஷ்டம். மீதியைக் கையிலிருந்து போட வேண்டியதுதான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மக்கள்தொகையிலிருந்து. மத்திய அரசின் விதிப்படி 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருக்கும் ஊர் ‘எக்ஸ்’. 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ‘ஒய்’. மற்றதெல்லாம் ‘இசட்’. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2017 ஜூலையில் இந்த மூன்று வகைக்கும் அடிப்படை ஊதியத்தில் 24, 16, 8 சதவீதம் என்று படி வகுத்தார்கள். அகவிலைப்படி 25 சதவீதத்தைத் தாண்டியபோது அது 27, 18, 9 ஆனது. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தை எட்டியதும் 30, 20, 10. தமிழ்நாட்டில் எக்ஸ் என்பது சென்னை மட்டும். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை ஒய். 2011 கணக்கெடுப்பில் குன்னூர் நகராட்சியின் மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஆகவே இசட். ஊட்டியும் கொடைக்கானலும் அதே பெட்டிதான். அருப்புக்கோட்டையும் அதே பெட்டிதான். அருப்புக்கோட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஊரில் வீடு கிடைக்கும் என்றுதான் சொல்ல வருகிறேன்.

கூட்டம் சேர்ந்தால் வாடகை ஏறும் என்ற ஊகம் சமவெளிக்குப் பெரும்பாலும் சரி. மலையில் அது தலைகீழாகிவிடும். இங்கே ஆள் குறைவாக இருப்பதற்குக் காரணமே இடம் குறைவாக இருப்பதுதான். வீடு கட்டத் தோதான தட்டையான நிலம் கொஞ்சம். அதைச் சுற்றித் தேயிலைத் தோட்டம், காடு, சோலை, இராணுவ நிலம். மலைப்பகுதிக் கட்டட விதிகள் உயரத்துக்கும் தளங்களுக்கும் கடிவாளம் போடுகின்றன. மண்சரிவைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் அடுக்குமாடி கட்டி வாடகையைத் தணிக்கும் வழி அதனால் அடைபட்டுப் போகிறது. இருக்கிற நல்ல வீடுகளில் ஒரு பகுதியை ஆண்டுக்கு இரண்டு மாதம் வந்து தங்கும் வெளியூர்க்காரர்கள் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பகுதி ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. ஒரு மே மாத வாரக் கடைசியில் சுற்றுலாப் பயணி ஓர் இரவுக்குக் கொடுப்பதை, ஒரு ஜவான் மாதம் முழுவதற்கும் கொடுக்க முடியாது. மக்கள்தொகைக் கணக்கில் அந்தச் சுற்றுலாப் பயணி வருவதில்லை. வாடகையில் வந்துவிடுகிறார்.

வாடகையோடு நின்றால் பரவாயில்லை. அரிசி, பருப்பு, சிமென்ட், செங்கல், மருந்து என எல்லாமே மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகவோ, கோத்தகிரி வழியாகவோ லாரி ஏறி வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சாலை அடைபட்டால் அன்றைக்கே கடையில் தெரியும். நம் மலையிலேயே விளைகிற கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ்கூட மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, ஏலம் போய், சில சமயம் திரும்பவும் மலையேறி வருகிறது. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, கேரட்டுக்கு இருவழி வண்டிக் கூலி கொடுக்கும் பாக்கியம் நமக்குத்தான். அப்புறம் குளிர். வெந்நீர் இல்லாமல் ஒரு நாளும் நகராது, ஆகவே கரண்ட் பில், கேஸ் இரண்டும் ஏறும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, காயாத துணிக்கு மாற்றுத் துணி. பெரிய வைத்தியம் என்றால் கோவைக்கு இறங்க வேண்டும்.

இராணுவக் குடும்பங்களுக்குக் கேன்டீன் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, பெரிய உதவிதான். சோப்பு, பிஸ்கட், குக்கர் எல்லாம் வெளிச்சந்தையை விட மலிவு. பணியில் இருப்பவருக்கு ரேஷன் உண்டு, இராணுவ மருத்துவமனையும் உண்டு. ஆனால் எந்தக் கேன்டீனிலும் வாடகைக்கு வீடு விற்பதில்லை.

ஊரைப் பார்த்துப் படி கொடுப்பது புதிய யோசனை ஒன்றுமில்லை. லாரி டிரைவருக்கும் கார் டிரைவருக்கும் கொடுக்கிறோமே பேட்டா, அந்தச் சொல்லே கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் ‘பத்தா’தான். களத்தில் இருக்கும் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் சம்பளத்துக்கு மேல் கொடுத்த கூடுதல் காசு அது. முழு பத்தா, அரை பத்தா, இரட்டை பத்தா என்று அதில் வகை உண்டு. எந்த ஊருக்கு எது என்பதில்தான் சண்டை. இரட்டை பத்தாவை வங்காள கவர்னர் கிளைவ் நிறுத்தியபோது, 1766-இல் வங்காளப் படையின் வெள்ளைக்கார அதிகாரிகளே கலகம் செய்தார்கள். 1828-இல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க் போட்ட உத்தரவு இன்னும் சுவாரசியமானது. கல்கத்தாவிலிருந்து 400 மைலுக்குள் இருக்கும் சில இராணுவப் பாளையங்களில் அதிகாரிகளுக்கு இனி அரை பத்தாதான் என்றார். ஏறக்குறைய இன்றைய எக்ஸ், ஒய், இசட் மாதிரிதான். என்ன, அன்றைக்குத் தூரத்தை அளந்தார்கள், இன்றைக்குத் தலையை எண்ணுகிறோம். (அதே பென்டிங்க் 1834-இல் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்து தங்கியது நம் ஊட்டியில்.)

சிப்பாய்களுக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. சிந்து மாகாணம் வெளிநாடாக இருந்தவரை அங்கே போகும் படைக்குக் கூடுதல் பத்தா. 1843-இல் கம்பெனி சிந்துவைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. உடனே அது உள்நாடு ஆகிவிட்டது, பத்தா போயிற்று. பாலைவனம் அப்படியே இருந்தது, வெயில் அப்படியே இருந்தது, காய்ச்சல் அப்படியே இருந்தது. மாறியது வரைபடத்தில் ஒரு கோடு. 1844-இல் சில பட்டாளங்கள் அங்கே போக மறுத்தன. காகிதத்தில் ஓர் ஊர் எந்தப் பெட்டியில் விழுகிறது என்பது சாப்பாட்டுத் தட்டு வரை வந்துவிடும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த சங்கதி.

இன்றைக்கு வருவோம். விலைவாசிக்கு ஈடு என்றதும் எல்லோரும் சொல்வது அகவிலைப்படியை. பழைய பேச்சில் பஞ்சப்படி. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரிக்கும் ஜூலைக்கும், அது திருத்தப்படுகிறது. படைவீரர்களுக்கு இராணுவச் சேவை ஊதியத்தையும் சேர்த்து அதைக் கணக்கிடுகிறார்கள். லடாக்கில் இருப்பவருக்கும் லக்னோவில் இருப்பவருக்கும் ஒரே சதவீதம். அடிப்படை, தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீடு. மத்திய அரசின் லேபர் பீரோ நாடு முழுக்க 88 மையங்களில் கடை கடையாக விலை கேட்டு இந்தக் குறியீட்டைப் போடுகிறது. இதில் நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்த மையங்களில் குன்னூரும் ஒன்று. தேயிலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் என்பதால் சென்னை, கோவை, மதுரையோடு அதுவும் பட்டியலில் இருக்கிறது. குன்னூர் மார்க்கெட்டில் அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று அரசுக் கணக்கில் மாதாமாதம் ஏறுகிறது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, இரண்டு காரணங்களால். ஒன்று, குன்னூரின் எண் மற்ற ஊர்களின் எண்களோடு கரைந்து ஒரே தேசிய சராசரியாகிறது. வெளியே வரும்போது அதில் குன்னூர் வாசனை எதுவும் இருக்காது. இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது, ஆனால் விவகாரத்தின் முடிச்சே அதுதான். விலைக் குறியீடு காலத்தை ஒப்பிடுகிறது, இடத்தை ஒப்பிடுவதில்லை. அடிப்படை ஆண்டில் எல்லா ஊருக்கும் 100 என்று வைத்துவிட்டு, அங்கிருந்து எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறார்கள். கோவையில் 5,000 ரூபாய் ஆகும் செலவு குன்னூரில் 6,500 ஆனாலும், இரண்டும் ஒரே வேகத்தில் ஏறினால் குறியீடு இரண்டுக்கும் ஒன்றுதான். போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு என்ற கேள்விக்கு அகவிலைப்படி பதில் சொல்லும். அந்த ஊருக்கு இந்த ஊர் எவ்வளவு என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

அந்த வேலையைச் செய்ய முன்பு வேறு படிகள் இருந்தன. நகர ஈட்டுப்படி என்று ஒன்று. ஆறாவது ஊதியக் குழுவின்போது மத்திய அரசு அதைப் போக்குவரத்துப்படியில் கரைத்துவிட்டது. போக்குவரத்துப்படியிலும் 19 நகரங்களுக்கு உயர்ந்த வீதம். தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் அதில் உண்டு. மலைக்கென்று தனியாகவே ஒரு படி இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் வேலை செய்யும் மத்திய அரசு ஊழியர்களுக்கான மலைப்பகுதி ஈட்டுப்படி அது. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர். தொகை பெரிதில்லைதான். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி அதையும் எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆக, ஒரே தெருவில், ஒரே வீட்டுக்காரரிடம், மாடியில் அரசுப் பள்ளி ஆசிரியரும் கீழே ராணுவக் கிளார்க்கும் குடியிருந்தால், மாடி வீட்டுக்குக் குளிர் அடிக்கிறது என்று சென்னை ஒப்புக்கொள்கிறது, கீழ்வீட்டுக்கு அடிப்பதாக டெல்லி ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே இருக்கும் மத்திய அரசின் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடும்பங்களிடம் பேசினால் இந்த ஒப்பீடு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

படைவீரர்களுக்கென்றே தனிப் படிகள் இருக்கின்றனவே என்றால், உண்டு. அவை வேறு ஒன்றை அளக்கின்றன. ஏழாவது ஊதியக் குழு ஆபத்து, கஷ்டம் இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒன்பது கட்டம் போட்டது, எல்லாவற்றுக்கும் மேலே சியாச்சினுக்குத் தனிக் கட்டம். 2017-இல் சியாச்சின் படி ஜவான்களுக்கும் ஜேசிஓக்களுக்கும் (ஜவானுக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவி) மாதம் 30,000, அதிகாரிகளுக்கு 42,500 ஆனது. உயர்மலைப் படி 9,000 அடியில் தொடங்குகிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான். சிகரத்தில் கூடாரம் அடித்துப் படுத்தாலும் இன்னும் 350 அடி குறையும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சியாச்சினோடு குன்னூரை எவரும் ஒப்பிடப் போவதில்லை. வெலிங்டன் போஸ்டிங் என்றால் குடும்பத்தோடு இரண்டு மூன்று வருஷம் நிம்மதி என்றுதான் படையில் பேச்சு. 1947-லிருந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகள் கல்லூரியும் இங்கே இருக்கின்றன. நல்ல காற்று, நல்ல பள்ளி, துப்பாக்கிச் சத்தம் என்றால் பயிற்சித் திடலில் மட்டும். மலைப்படியை எடுத்ததற்குச் சொல்லக்கூடிய நியாயமும் இதுவே. மற்றவர்கள் காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்கும் ஊரில் இருப்பதற்கு, அரசு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கஷ்டம் வேறு, கிராக்கி வேறு. ஓர் ஊர் கஷ்டமே இல்லாமல் படு கிராக்கியாக இருக்கலாம். சொல்லப்போனால், கஷ்டம் இல்லாததால்தான் கிராக்கி. மற்றவர்கள் காசு கொடுத்து வருகிறார்கள் என்பதே வாடகை ஏறியதற்குக் காரணம், அதையே படி கொடுக்காததற்கும் காரணமாகச் சொன்னால் எப்படி? தனியார் கம்பெனி ஊழியர் என்றால், குன்னூர் கட்டுப்படியாகாது என்று கோவைக்கே திரும்பிவிடலாம். படைவீரர் அப்படிச் சொல்ல முடியாது. போஸ்டிங் ஆர்டர் வந்தால் பெட்டி கட்ட வேண்டும். ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவர் தலையில் ஊரின் விலையை ஏற்றுவது நியாயமா என்பதுதான் கேள்வி. நியாயமில்லை என்பது என் கட்சி.

சதவீதமா, ரொக்கமா என்பதிலும் ஒரு பழைய மனத்தாங்கல் இருக்கிறது. சியாச்சின் படி நிலையான தொகை. வடகிழக்கில் பணிபுரியும் ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற அகில இந்தியப் பணி அதிகாரிகளின் சிறப்புப் பணிப்படியோ அடிப்படை ஊதியத்தில் 30 சதவீதம் என்று 2017-இல் நின்றது. ஒன்றரை லட்சம் வாங்குபவருக்கு அது 45,000. பனிப்பாறையில் நிற்கும் அதிகாரியை விட ஷில்லாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அதிகம் என்று முன்னாள் படையினர் அப்போது கேட்ட கேள்விக்குத் திருப்தியான பதில் எதுவும் என் காதில் விழவில்லை. வீட்டு வாடகைப்படியும் சதவீதம்தான். மேலே போகப் போகத் தொகை பெருகும். ஆனால் மேலே இருப்பவருக்குத்தான் பங்களா எளிதில் கிடைக்கிறது, படி தேவைப்படுவது கீழே இருப்பவருக்கு.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்கப் படையில் வீட்டுக்கான படி பதவி, குடும்பம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றையும் பார்த்து, அந்தப் பகுதியின் உண்மையான வாடகையை ஒட்டி ஆண்டுதோறும் மாறுகிறது. அது போக, உள்நாட்டில் ஓரிடத்தின் செலவு நாட்டுச் சராசரியைவிட ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் வாழ்க்கைச் செலவுப்படி தனி. கனடாவின் கதை ஓர் எச்சரிக்கை. 2000-இல் ஊருக்கு ஊர் வேறுபடும் படியைக் கொண்டுவந்தார்கள். 2009-க்குப் பிறகு வீதத்தைத் திருத்தாமல் அப்படியே உறைய விட்டார்கள். வாடகை எங்கோ போய்விட, படி பழைய இடத்திலேயே நின்றது. கடைசியில் 2023 ஜூலையில் அதைக் கைவிட்டு, ஊரின் வாடகையையும் வீரரின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்கும் வீட்டுப்படிக்கு மாறினார்கள். சம்பளம் குறைந்தவருக்கு அதிகம், மேலே போகப் போகக் குறைவு. பழைய படியை இழந்தவர்கள் கத்தினார்கள். எந்தச் சீர்திருத்தத்திலும் கத்துபவர்கள் இருப்பார்கள். ஆனாலும் மேலே இருப்பவருக்குக் குறைவு என்ற அந்த ஒரு யோசனை நம் சதவீதக் கணக்குக்கு நேர் எதிர். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊர் வீட்டுக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. மிலிட்டரிக்காரர் என்றால் வீடு கொடுக்க இங்கே பலருக்கு விருப்பம். வாடகை தவறாது, மாற்றல் வந்தால் சத்தமில்லாமல் காலி செய்துவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய படி ஏறியது என்று பேப்பரில் வந்தால் அடுத்த மாதமே வாடகையும் ஏறும் என்ற பயம் உண்மையானது. படியை உயர்த்தினால் அதில் ஒரு பங்கு நேராக வீட்டுக்காரர் பைக்குப் போகும், படி எதுவும் வராத தேயிலைத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் வாடகை மட்டும் ஏறும். அதனால் என்னைக் கேட்டால், முதல் மருந்து குவார்ட்டர்ஸ். வெலிங்டனில் நிலம் வைத்திருப்பது அரசு. அங்கே கூடுதலாக ஒரு வரிசை குடியிருப்பு எழும்பினால், அத்தனை குடும்பங்கள் குன்னூர்ச் சந்தையிலிருந்து விலகும். படி அதற்கு அடுத்த மருந்துதான்.

சரி, மக்கள்தொகை விதியை வளைக்க முடியாதா? ஏற்கெனவே வளைத்திருக்கிறார்கள். அதே 2017 உத்தரவுகளில் சிறப்பு ஏற்பாடு என்று ஒரு பட்டியல் உண்டு. ஃபரீதாபாத், காஜியாபாத், நொய்டா, குர்கான் ஆகிய ஊர்களுக்கு டெல்லி வீதம். ஜலந்தர் கன்டோன்மென்டுக்கு ஜலந்தர் நகரத்தின் வீதம். கோவா, போர்ட் பிளேர், ஷில்லாங் மூன்றுக்கும் ஒய் வீதம். ஷில்லாங்கைக் கவனியுங்கள். மலை ஊர், மழை ஊர், இராணுவ ஊர், மக்கள்தொகை 5 லட்சத்துக்குக் கீழே. விதிப்படி இசட் ஆக வேண்டியது, ஒய் வாங்குகிறது. ஷில்லாங்குக்கு முடிந்தது குன்னூருக்கு ஏன் முடியாது என்று கேட்கப் புதிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை, ஒரு முன்மாதிரி போதும். ஹவில்தாரின் 4,000 அப்போது 8,000 ஆகும்.

எட்டாவது ஊதியக் குழு இப்போது வேலையில் இறங்கியிருக்கிறது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான அந்தக் குழுவுக்கு 2025 இறுதியில் 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். மனு கொடுக்கும் சங்கங்கள் ஊட்டி டூரிஸ்டுகளின் படத்தையும் நிலச்சரிவின் படத்தையும் ஒட்டி அனுப்பத்தான் போகின்றன. அதைவிட உபயோகமான காகிதம் ஒன்று அரசிடமே இருக்கிறது. விலைக் குறியீட்டில் வீட்டுச் செலவும் ஒரு பகுதி. அதற்காக லேபர் பீரோ ஒவ்வொரு மையத்திலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாடகைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. வீடு வீடாகப் போய், மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். கோவையிலும் கேட்கிறார்கள், குன்னூரிலும் கேட்கிறார்கள்.